தட்டு காலி இல்லை

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம மெக்கானிக் வீட்டுக்குள் நுழையும்போதே தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மற்ற நாளில் அது தொங்கித்தான் இருக்கும். காலையில் எட்டு மணிக்கு ஃபேன் ரிப்பேர் பட்டறைக்குப் போகிற மனிதர். ஏழு மணிக்கு வெளியே வரும்போது பட்டறையில் உள்ள ஃபேன் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் மட்டும் நின்றுபோயிருப்பார். அன்றைக்கு என்னவோ நடையில் ஒரு வேகம். கையில் ஒரு பை. பைக்குள் ஏதோ சடசடத்தது.

"இந்தா பாரு," என்றார் மனைவியிடம். "இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்கு ஒரு புதுச் சட்டம்."

மனைவியின் இடுப்பில் ஒன்பது மாதப் பாப்பா. ஒரு கையில் பாப்பாவின் ஈரச் சட்டை. தோளில் ஒரு துண்டு. "அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேங்க," என்றாள். "அதுக்குள்ள சட்டம் எங்கயும் ஓடிடாதே?"

ஓடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கூடத்து அலமாரியில் மூன்று மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இவர், கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தட்டுகளின் அருமை தெரியும். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டு ஃபேனுக்கு. ஏழாவது நாள் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சன்னலோரக் கட்டிலில், யாரும் கூப்பிடாத ஒரு தூக்கம். ராஜ்யமா கேட்டார்? இரண்டு மணி நேரம். அது கிடைத்ததே இல்லை.

சன்னல் கொக்கியைக் கழற்றுவார். பாதியில், "ஏங்க, குழாய் சொட்டுது பாருங்க," என்று குரல் வரும். கொக்கியை வைத்துவிட்டுக் குழாய்க்குப் போவார். குழாயைப் பிரித்துப் போட்டிருக்கும்போது அலமாரிக் கதவு கையோடு வந்துவிடும். அலமாரிக்குள் தலையை விட்டிருக்கும்போது துணிக்கொடி அறுந்து விழும். சாயங்காலம் பார்த்தால் ஏழு வேலை வாயைப் பிளந்து கிடக்கும். ஒன்றின் வாயும் மூடியிருக்காது. சிந்திக் கிடக்கிற ஸ்குரு பாப்பா வாய்க்குள் போகாமல் காப்பது எட்டாவது வேலை.

"இன்னைக்கு ஒண்ணாவது முடிஞ்சதா?" என்பாள் மனைவி. கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்பாள். பதில் இருக்காது. நாள் பூராவும் ஓடிவிட்டுப் பதில் இல்லாமல் நிற்பது இருக்கிறதே, அது ஓட்டத்தைவிட அதிகமாக ஆளைக் களைக்க வைக்கும்.

பட்டறையிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது, சின்னம்மா வருகிற வரைக்கும். சின்னம்மா என்றால் முதலாளியின் மகள். அப்பாவுக்கு முட்டி வலி வந்து வீட்டோடு இருந்துவிட்டதால் பட்டறையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நாலு மேசை, நாலு பேர். மொட்டை அண்ணன், கண்ணாடிக்காரர், நெட்டை, அப்புறம் நம்ம மெக்கானிக். ஒவ்வொரு மேசையிலும் பத்துப் பன்னிரண்டு மெஷின் வயிறு கிழிந்து கிடக்கும். இந்த மிக்ஸியின் ஸ்குரு அந்த ஃபேனுக்கு அடியில். யார் வந்து அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருடைய மெஷினைத் திறப்பார்கள். திறந்ததைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து அவர் போய்விடுவார். திறந்தது திறந்தபடி கிடக்கும்.

சின்னம்மா ஒரு வாரம் வாயைத் திறக்காமல் பார்த்தார். எட்டாம் நாள் இருபத்துநாலு மஞ்சள் தட்டு வாங்கி வந்தார். மேசைக்கு மூன்று. மீதிப் பன்னிரண்டு அலமாரியில், உடைந்தால் மாற்ற.

"திறக்கிற மெஷின் தட்டுல இருக்கணும்," என்றார். "மூணு தட்டும் நிறைஞ்சிருந்தா நாலாவதைத் தொடக் கூடாது. ராஜாவே தூக்கிட்டு வந்தாலும் வெளியில பெஞ்சுல உட்காரட்டும். இது சட்டத்துல பாதி. மீதிப் பாதியையும் கேட்டுக்குங்க. ஒரு தட்டு மூணு நாளா நகராம கிடந்தா, நாலு பேரும் அவங்கவங்க வேலையை நிறுத்திட்டு அந்தத் தட்டுக்கு வரணும். அது முடிஞ்சாத்தான் மத்தது."

முதலில் நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு மாதத்தில் பிதுக்கிய உதடு உள்ளே போய்விட்டது. மேசை தெரிந்தது. மேசைக்கு என்ன நிறம் என்றே மொட்டை அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். திறந்த மெஷின் மூடி வெளியே போனது.

ஆனால் நம்ம மெக்கானிக்குக்குப் பிடித்தது அது இல்லை. வாசலில் ஒருத்தர் வந்து "என்னுதை இப்பவே பாரு!" என்று குதிக்கும்போது, இவர் விரலை மட்டும் நீட்டி, "தட்டு காலி இல்லைங்க," என்பார். குதித்தவர் தட்டைப் பார்ப்பார். தட்டு அவரைப் பார்க்கும். பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். பத்து வருஷமாக "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லியே தேய்ந்துபோன நாக்குக்கு அந்த மூன்று வார்த்தை தேனாக இருந்தது. இந்தத் தேனை வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுபோனால் என்ன?

அலமாரியில் இருந்ததில் மூன்று தட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டத்தில் முதல் பாதியையும் போட்டுக்கொண்டார். மீதிப் பாதியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டார்.

"அப்போ ஒரே நேரத்துல மூணு வேலைதான்," என்றாள் மனைவி.

"மூணேதான்."

"நாலாவது வந்தா?"

"காத்திருக்கணும்."

"குழாய் உடைஞ்சு தண்ணி கூடம் பூரா ஓடினா?"

"தண்ணியை வரிசையில நிக்கச் சொல்லு."

"தட்டுல எதை வைக்கிறதுன்னு யார் சொல்றது?"

"செய்யறவன் சொல்றது. அவனுக்குத்தானே தெரியும், எதை முதல்ல எடுக்கணும்னு."

"முடிஞ்சாத்தான் தட்டு காலியாகும்?"

"முடிஞ்சாத்தான்."

"முடியலைன்னா?"

"முடியற வரைக்கும் முடியலைன்னு அர்த்தம். அவசரப்பட்டா வேலை கெட்டுடும். பட்டறையில கேட்டுப் பாரு."

மனைவி ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாப்பா எட்டி அதன் மூலையைக் கடித்தது. "நல்ல சட்டமாத்தான் இருக்குங்க," என்றாள். "ஏழு வேலையைக் கேட்டது என் தப்புதான். மூணு கேக்கறேன். மூணு முடிஞ்சா எனக்குப் போதும்."

அவள் அதை மனசாரச் சொன்னாள். அது அவருக்குக் கொஞ்சம் குத்தியது. முள் குத்தினால் காலைத் தூக்கிப் பார்க்கலாம். மனசில் குத்தினால் படுத்துத் தூங்கிவிடுவதுதான் அவர் வழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை, அவள் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று தட்டையும் நிரப்பிவிட்டார்.

முதல் தட்டில் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள். அதில் ஒரு ஸ்குருதான் ஆடிக்கொண்டிருந்தது. இவர் தாழ்ப்பாளையே பெயர்த்து எடுத்து, "உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு, அதே அளவு தேடணும்," என்றார். இரண்டாவது தட்டில் சுவர்க் கடிகாரம். அது பத்து நிமிஷம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அந்தக் கவலையே இல்லை. மூன்றாவது தட்டில் வீட்டு மேசை ஃபேனின் மோட்டார். ஊரார் ஃபேனை மத்தியானத்துக்குள் சுற்ற விடுகிறவர் தன் வீட்டு ஃபேனுக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கினார்.

தட்டு வைத்துத் தட்டிக் கழித்த ஆண்பிள்ளை உலகத்திலேயே தான் ஒருத்தராகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரே பெருமை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் பட்டறையில் மற்ற மூன்று பேரும் காப்பியடித்துவிடுவார்கள் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தூங்கினார். எப்படிப்பட்ட தூக்கம்! எழுந்திருக்கும்போது தலையணையின் தையல் கன்னத்தில் ரயில் தண்டவாளம் போட்டிருந்தது.

வீடு மட்டும் தூங்கவில்லை. குழாய் சொட்டியது, அடியில் ஒரு வாளி வந்தது. கொடி அறுந்தது, ஈரத்துணி நாற்காலி முதுகில் ஏறியது. பாப்பாவின் தள்ளுவண்டி ஒரு சக்கரத்தை விட்டுவிட்டு மூன்று காலில் நொண்டியது. மனைவி சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி அலமாரி ஓரத்தில் ஒட்டினாள். குழாய். கொடி. சன்னல் கொக்கி. வண்டிச் சக்கரம்.

காலையில் ஒரு தடவை கேட்பாள். "தட்டு காலியாச்சா?"

"இல்லையே."

"சரிங்க."

அவ்வளவுதான். அந்த "சரிங்க" சாப்பாட்டில் கல் மாதிரி நெருடியது. ஆனால் ஒரு கல்லுக்காகச் சாப்பாட்டை யாராவது வேண்டாம் என்பார்களா?

தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமில் ஒரு சங்கடம் இருந்தது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும். அதனால் உள்ளே போனவர் பாட வேண்டும் என்று ஏற்பாடு. இவருக்குத் தெரிந்தது இரண்டே வரி. அதையே சுருதி மாற்றி மாற்றிப் பாடுவார். நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்காருக்கா. ஏன்?"

"இல்ல, இன்னைக்கு மட்டும் அஞ்சு தடவை பாட்டுக் கேட்டுச்சே!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உள்ளே இருந்தவர் பாட்டை நிறுத்தினார். நிறுத்திய உடனே யாரோ கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்க, பதறிப்போய் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். தள்ளியது தவழ்ந்து வந்த பாப்பா.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பாடு ஆயிற்று. கட்டிலில் கால் நீட்டினார். கண் பாதி சொருகிவிட்டது. வாசற்படியில் மனைவி வந்து நின்றாள். தோளில் பாப்பா சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது போல. நாலு நாளா தோளை விட்டு இறங்க மாட்டேங்குது. எனக்குக் கண்ணு ரெண்டும் எரியுதுங்க. ஒரே ஒரு மணி நேரம் வச்சிக்கிறீங்களா? கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கறேன்."

அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. பட்டறையில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், ஏப்பம் மாதிரி அதுவாகவே சொல்லிவிட்டது.

"தட்டு காலி இல்லையே."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆமாம்ல," என்றாள். "மறந்தே போயிட்டேன் பாருங்க." பாப்பாவை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

சத்தம் போடுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். மழை மாதிரி, பெய்து ஓய்ந்துவிடும். சிரித்துவிட்டுப் போகிற மனைவி இருக்கிறாளே, அது வானம் கறுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கட்டிலில் படுத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் அவள் நடக்கிற சத்தம். சுவரிலிருந்து சுவருக்கு ஏழு அடி, திரும்பி ஏழு அடி. தூங்கவில்லை என்று சொன்னால் பொய். தூங்கினார். ஆனால் அது உப்பில்லாத சாப்பாடு மாதிரி ஒரு தூக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் நெட்டையின் தட்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. மாற்றுத் தட்டு எடுக்கச் சின்னம்மா அலமாரியைத் திறந்தார். உள்ளே தூசி இருந்தது. தட்டு இல்லை.

"இங்க பன்னிரண்டு தட்டு இருந்துச்சே. எங்கே?"

மொட்டை அண்ணன் இல்லாத முடியைக் கோதினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெட்டை கீழே விழாத ஒரு ஸ்குருவைத் தேடி மேசைக்கு அடியில் போய்விட்டான். நம்ம மெக்கானிக்குக்குக் காது சூடாயிற்று. கூடவே கோபமும் வந்தது. மூன்று தட்டு எடுத்தது நான். மீதி ஒன்பதைத் திருடின படுபாவி எவன்? இப்படிப்பட்டவர்களோடு ஒரே கூரையில் வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே!

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்மா," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"பன்னிரண்டையுமா?"

"பெரிய எலியா இருக்கும்மா."

சின்னம்மா நாலு பேரையும் ஒரு தடவை வரிசையாகப் பார்த்தார். "சரி," என்றார். போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

மனைவியும் "சரி" என்று சொல்லி, சின்னம்மாவும் "சரி" என்று சொன்னால் ஒரு மனிதர் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. நாளை கழிந்தால் ஞாயிறு என்பதுதான் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் மொட்டை அண்ணன். கையில் ஸ்பேனர் பை.

"என்னண்ணே, இந்நேரத்துல?"

"என்னைக் கேட்டா? வீட்டுல அனுப்பினா. எதுக்குடின்னு கேட்டேன். 'போனாத் தெரியும்'னா."

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர். அவருக்கும் வீட்டில் அதே பதில்தான் சொன்னார்களாம். கடைசியில் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான் நெட்டை. "எனக்கு அதுவும் சொல்லலை," என்றான். "செருப்பை எடுத்துக் கால்கிட்ட வச்சா. அவ்வளவுதான்."

உள்ளே வந்தார்கள். வந்தவர்களின் கண் நேராக அலமாரிக்குப் போனது. அங்கே மூன்று மஞ்சள் தட்டு. நம்ம மெக்கானிக் நகர்ந்து மறைத்து நின்றார். மூன்று தட்டை மறைக்கிற அளவுக்கு அவர் அகலம் இல்லை.

"உன் வீட்டுலயுமா?" என்றார் கண்ணாடிக்காரர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"வீட்டுலயுமான்னா? அப்போ உங்க வீட்டுல?"

"மூணு."

"அண்ணே, நீங்களுமா?"

மொட்டை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினார். நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு," என்றான்.

மூன்று நாலு பன்னிரண்டு. எலி மேல் வீண்பழி. பத்து வருஷம் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஒருத்தரும் இன்னொருத்தரிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொருத்தருக்கும், இந்த மூளை தனக்கு மட்டும்தான் என்று நினைப்பு.

"உங்க தட்டுல என்னண்ணே?" என்று மெல்லக் கேட்டார் மெக்கானிக்.

"அலமாரிப் பூட்டு. நீ?"

"தாழ்ப்பாள்."

"என்னுதுல தையல் மெஷின்," என்றான் நெட்டை.

"தையல் மெஷின் எப்படிடா தட்டுல அடங்கும்?"

"அதுல இருந்து ஒரு ஸ்குரு."

மனைவி டீ கொண்டு வந்தாள். "வாங்கண்ணே. எல்லாரும் எடுத்துக்குங்க. உட்காரச் சொல்லணும்தான். உட்கார்ந்தா தூக்கம் வந்துடும், அதான் பயமா இருக்கு." குரலில் கேலி இருந்ததா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "சின்னம்மா போன் பண்ணினாங்கங்க. நாலு வீட்டுக்கும் பண்ணியிருக்காங்க. 'நம்ம பட்டறைத் தட்டு அங்க இருக்கா'ன்னு கேட்டாங்க. 'இருக்கும்மா, மூணும் நிறைஞ்சிருக்கும்மா, ஒண்ணும் நகரலைம்மா'ன்னேன். நாலு வீட்டுலயும் இதையேதான் சொல்லியிருக்காங்க போல. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் மீதிச் சட்டத்தையும் சொன்னாங்க."

யாரும் டீயை விழுங்கவில்லை.

"மீதிப் பாதி ஒண்ணு இருக்கிறதா நீங்க சொல்லவே இல்லையேங்க."

"மறந்துட்டேன்," என்றார் மெக்கானிக்.

"இருக்கும். மூணுதானே ஞாபகம் வச்சிக்க முடியும்." பாப்பாவை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். "மூணு நாளைக்கு மேல நகராத தட்டுக்கு நாலு பேரும் வரணுமாமே. இங்க பதினாறு நாள் ஆச்சு. மத்த அக்காங்களோட பேசினேன். நாலு வீட்டையும் ஒரே நாள்ல திறந்தா ஒண்ணும் முடியாது. அதனால ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வீடு. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. கைக்குழந்தை இருக்கிற வீடுன்னு முதல்ல இதை எடுத்துக்கச் சொன்னாங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!" என்றார் மெக்கானிக். அந்தக் குரலில் ஒரு ஜென்மத்து ஏக்கம் இருந்தது.

"ஆமாங்க. நாலு பேருக்கும் லீவு. அதான் வசதியாப் போச்சு."

"முடிஞ்சதுன்னு யார் சொல்றது?" என்று நெட்டை வாயைக் கொடுத்தான்.

"பட்டறையில மாதிரிதான்," என்றார் மொட்டை அண்ணன், பெருமூச்சு விட்டு. "வேலையைக் கொடுத்தவங்க ஓட்டிப் பார்த்துத் தலையாட்டணும்."

நாலு பேரும் அவள் தலையைப் பார்த்தார்கள். அது ஆடாமல் நின்றது.

முதலில் தாழ்ப்பாள். மொட்டை அண்ணன் அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். "ஸ்பிரிங் நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றார். மெக்கானிக் இருமினார். வாயை மூடச் சொல்லிக் கண்ணாடிக்காரர் ஒரு காலை மிதித்தார். மிதித்தது மொட்டை அண்ணன் காலை இல்லை, அவசரத்தில் மெக்கானிக் காலை. தாழ்ப்பாள் பதினோரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. அதில் ஏழு நிமிஷம் ஸ்குருவைத் தேடியது. ஸ்குரு மெக்கானிக் சட்டைப் பையிலேயே இருந்தது.

நெட்டை உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்தான். வெகு நேரம் வெளியே வரவில்லை.

"என்னடா பண்றே?"

"சும்மா நிக்கறேண்ணே," என்றது குரல். "பாடாம நிக்கறது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

அப்போதுதான் தெரிந்தது, அவன் வீட்டிலும் தாழ்ப்பாள் ஒரு தட்டில் கிடப்பது.

அடுத்தது கடிகாரம். அடுத்தது ஃபேன். ஒரே ஃபேனுக்கு நாலு ஃபேன் மெக்கானிக். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் நடப்பது மாதிரி நடந்தது. சுவிட்சைப் போட்டதும் காற்று வந்தது. மனைவி ஓட்டிப் பார்க்கக் கிட்டே வந்து நின்றாள். நெற்றி முடி பறந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். மூடின கண்ணுக்கு அடியில் கறுப்பாக இரண்டு வளையம். பதினாறு நாளாக அதே வீட்டில்தான் இருந்தார் மெக்கானிக். இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அவள் கண்ணைத் திறந்து தலையை ஆட்டினாள்.

காலியான தட்டில் அலமாரி ஓரத்துக் காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. குழாய் முடிந்து அவள் தலை ஆடினபிறகுதான் கொடி. கொடி முடிந்தபிறகுதான் கொக்கி. நடுவில் ஒரு தடவைகூட "ஏங்க, அதை விட்டுட்டு இதைப் பாருங்க," என்று அவள் குரல் வரவில்லை. ஒரு மணிக்கு வண்டிச் சக்கரமும் ஏறிவிட்டது. குழாயடி வாளிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கேட்டுக்கொண்டே இருந்த சொட்டுச் சத்தம் நின்றதும் வீடே கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒன்றுமே பாதியில் கிடக்காத நாள் அதுதான்.

மூன்று பேரும் பிழிந்த துணி மாதிரி வெளியே போனார்கள். படியில் மொட்டை அண்ணன் நின்றார்.

"அடுத்த வாரம் என் வீடு. ஏணி எடுத்துட்டு வந்துடு."

"ஏணி எதுக்குண்ணே?"

"என் வீட்டுல ஒட்டின காகிதத்தை நீ பார்த்ததில்லையே. இருபத்தாறு."

சாப்பிட்டார். கை கழுவினார். குழாய் சொல் பேச்சு கேட்டது. இனி என்ன? சன்னலோரக் கட்டில்தான். உடம்பு முழுக்க ஒரு நல்ல வலி. இன்றைக்குத் தூங்கினால் உப்போடு தூங்கலாம் என்று அறைக்குள் போனார்.

கட்டிலில் மனைவி படுத்திருந்தாள். சன்னல் பக்கமாக. ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பாப்பா எழுந்து உட்கார்ந்து அவள் பின்னலை மென்றுகொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள். "தட்டு மூணும் காலி."

அவருக்கு வாய் திறந்தது. வாயை முந்திக்கொண்டு கை நீண்டது. நீட்டின கையில் பாப்பா வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு அவர் காலரைப் பிடித்துக் கடித்தது. ஒரு பல் நிஜமாகவே முளைத்திருந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"முடியற வரைக்கும்."

"எது?"

"என் தூக்கம்."

கூடத்துக்கு வந்தார். நடந்தார். சுவரிலிருந்து சுவருக்கு ஏழு அடி. திரும்பி ஏழு அடி. நின்றால் பாப்பா சிணுங்கியது. நடந்துகொண்டே கணக்குப் போட்டார். அடுத்த ஞாயிறு மொட்டை அண்ணன். அதற்கு அடுத்தது கண்ணாடிக்காரர். அதற்கும் அடுத்தது நெட்டை. மூன்றே மூன்று ஞாயிறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் நாலாவது ஞாயிறு தன்னுடையது. அன்றைக்கு வீட்டில் ஒரு வேலையும் பாதியில் இருக்காது. பாப்பாவை முதல் பாதி அவள் வைத்துக்கொண்டால் அடுத்த பாதி இவர் வைத்துக்கொள்வார், அதுதானே நியாயம். நினைக்கும்போதே கண் சொருகியது. அறை வாசலுக்குப் போய் மெதுவாகக் கேட்டார்.

"தூங்கிட்டியா?"

"ம்."

"நாலு வீடும் முடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்கோ. அதுக்கு அடுத்த ஞாயிறு நான் தூங்கலாம்ல?"

அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"அன்னைக்குச் சின்னம்மா வீடுங்க. பன்னிரண்டு தட்டையும் அவங்க சும்மாவா விட்டாங்க?"